கைக்கடிகாரக் கேள்வி–பதில்: டயலில் ஒரு விண்கல்

விண்கல்லை அறுத்து டயல் செய்த கடிகாரங்கள் நம் பக்கத்துக் கைகளிலும் இப்போது தென்படுகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே போட்டிருக்கிறோம்.

ஆம்பூர் வாசகி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பிய வாட்ச். டயல் நிஜமான விண்கல் என்கிறார். இங்கே கடையில் காட்டினால், "இந்த விலைக்கு விண்கல்லா? ஸ்டிக்கர்தாம்மா" என்கிறார்கள். பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும், ஒற்றை விளக்கும் இருந்தால் போதும்.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே விளக்கின் கீழே வாட்சை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிஜ விண்கல்லில் இதுவரை வெளுத்திருந்த பட்டை கறுக்கும், கறுத்திருந்த பட்டை பளிச்சிடும். ஒவ்வொரு திசைப் பட்டையும் தனித்தனிக் கோணத்தில்தான் ஒளியைத் திருப்பும். அச்சடித்த டயலில் இந்த மாற்றம் வராது. மொத்த டயலும் சேர்ந்து மங்கும், சேர்ந்து வெளுக்கும். லென்ஸில் பார்த்தால் அச்சுப் புள்ளிகளும் தெரிந்துவிடும்.

அடுத்து, கோடுகள் எத்தனை திசையில் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். வந்தவாசிக் கோரைப்பாயில் இரண்டே திசை. விண்கல் இரும்பில் அதிகபட்சம் நான்கு. அதற்கு மேல் வராது, ஏனென்றால் எண்முகப் படிகத்தின் நான்கு ஜோடி இணைத் தளங்களை ஒட்டித்தான் இந்தப் பட்டைகள் வளர்ந்திருக்கின்றன. அறுத்த தளத்தைப் பொறுத்து அவை செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளலாம், 60 டிகிரியில் முக்கோணம் போடலாம், பெரும்பாலும் நான்கு சமமில்லாத கோணங்களில் ஓடும். எப்படி இருந்தாலும் 12 மணிப் பக்கம் ஓடும் அதே திசைகள்தான் 6 மணிப் பக்கமும் ஓட வேண்டும். ஏழெட்டுத் திசையில் கன்னாபின்னாவென்று கோடு போனால் அது யாரோ வரைந்த கோலம். கடைசியாக, அதே மாடலின் படங்களை இணையத்தில் தேடுங்கள். உங்கள் டயலும் இன்னொன்றும் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம், போலிதான். ஒரே வில்லையை அடுத்தடுத்து அறுத்தாலும் சாயல்தான் இருக்குமே தவிர நகல் இருக்காது.

இந்தப் பின்னல் உண்டான விதம்: ஒரு சிறுகோளின் உள்ளே இரும்பும் நிக்கலும் உருகிக் கலந்து, பிறகு மிக மெதுவாக ஆறின. எவ்வளவு மெதுவாக என்றால், வெப்பம் சில நூறு டிகிரி இறங்கவே லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அந்த நிதானத்தில் நிக்கல் குறைந்த காமசைட், நிக்கல் மிகுந்த டேனைட் என்று உலோகம் தானாகப் பிரிந்து படிந்தது. உலைக்களத்தில் இதைச் செய்ய நமக்கு ஆயுள் போதாது. 1804-இல் நேப்பிள்ஸில் வில்லியம் தாம்சன் என்பவர் விண்கல்லின் துருவை நீக்க நைட்ரிக் அமிலம் போட்டபோது இந்தக் கோலம் வெளிப்பட்டது. 1808-இல் வியன்னாவில் விட்மான்ஸ்டேட்டன் என்பவர் விண்கல் வில்லையைத் தீயில் காட்டி இதைக் கண்டார். கோலத்துக்கு இரண்டாமவரின் பெயரே நிலைத்துவிட்டது.

விலை குறைவு என்பதை மட்டும் வைத்து ஸ்டிக்கர் என்று சொல்லிவிட முடியாது. ரோலெக்ஸ் 2019-இல் ஜிஎம்டி மாஸ்டர் மாடலிலும் 2021-இல் டேடோனா மாடலிலும் விண்கல் டயல் போட்டது. அவற்றின் விலைக்குக் காரணம் தங்கமும் பெயரும். சிறு நிறுவனங்கள் சுவீடனின் முவோனியோனாலுஸ்தா, சீனாவின் அலெடாய் போன்ற கற்களை வாங்கி நியாயமான விலைக்கே டயல் போடுகின்றன. முவோனியோனாலுஸ்தாவிலும் நமீபியாவின் கிபியோனிலும் பட்டை மெல்லியது, சுமார் 0.3 மி.மீ. அலெடாயில் ஒரு மி.மீ. அளவுக்கு அகலமாக இருக்கும். உங்கள் டயலில் பட்டை அகலமாக இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம், கல் வேறு என்று மட்டும் பொருள்.

ராணிப்பேட்டை வாசகர்: தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விண்கல் டயலில் தேதிக் கட்டத்தின் ஓரத்தில் இரண்டு பழுப்புப் புள்ளிகள். நாலு மாதம் முன்பு இல்லை. துடைத்துவிடலாமா?

துடைக்க வேண்டாம், பின் மூடியை வீட்டில் திறக்கவும் வேண்டாம். முதலில் அது துருதானா என்று பாருங்கள். விண்கல்லில் இயற்கையாகவே டிராய்லைட் என்ற இரும்பு சல்பைடு உருண்டைகள் இருக்கும். வெண்கல நிறம், ஒழுங்கான ஓரம், வளராது. துரு ஆரஞ்சு கலந்த பழுப்பு, ஓரம் கசிந்தாற்போல் இருக்கும், வளரும். உங்களுடையது நாலு மாதத்தில் புதிதாக வந்ததால் துரு என்றே கொள்ள வேண்டும்.

விண்கல் இரும்பின் பரம எதிரி வெறும் தண்ணீர் இல்லை, உப்பு. சரியாகச் சொன்னால் உப்பிலுள்ள குளோரைடு. இரும்போடு குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் அமிலம் உண்டாகிறது, அது இரும்பைத் தின்று துருவாக்குகிறது, துருவானதும் குளோரைடு விடுபட்டு அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. நுழைந்த உப்பு செலவாவதே இல்லை. திரும்பத் திரும்ப வேலை செய்யும். முவோனியோனாலுஸ்தா போல மண்ணுக்குள் வெகுகாலம் ஈரத்தில் கிடந்த கற்களில் குளோரைடு முன்பே விரிசல்களில் ஏறியிருக்கும். அதனால்தான் அந்தக் கல் துருவுக்குப் பேர்போனது. தேதிக் கட்டத்தின் ஓரத்தில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. டயலின் மேல் பூசும் லாக்கர் கூரான விளிம்பில் நிற்காமல் பின்வாங்கும். அங்கே பூச்சு மெல்லிசு. நடு ஓட்டையும் அப்படியே.

ஆனால் காற்றுப் புகாத கேசுக்குள், அதாவது வாட்சின் கூட்டுக்குள், துரு வளராது. வளர்கிறது என்றால் எங்கோ ஈரம் நுழைகிறது. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு முதலில் கசிவைப் பிடிக்க வேண்டும். பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோய் இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்: முதலில் காற்றழுத்தச் சோதனை, தண்ணீர்ச் சோதனை கூடாது. அடுத்து, கேஸை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடி மேல் அறை வெப்பத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. உள்பக்கம் பனி படர்ந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அப்படியானால் கேஸைத் திறந்து உலர்த்தி, பின் மூடி வாஷர், கிரவுன் (நேரம் திருப்பும் திருகு) வாஷர் இரண்டையும் மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் தொட்டுப் பூட்ட வேண்டும். பழைய வாஷரைத் துடைத்துப் போடுவது வேலையாகாது. வியர்வையும் சூடும் உள்ள உங்கள் வேலைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாஷர் மாற்றுவது சரியான கணக்கு.

புள்ளி இரண்டும் அப்படியே நின்றுவிட்டால் அதோடு வாழலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வளர்ந்தால் டயலைக் கழற்றி, லாக்கரை நீக்கி, மறுபடி தேய்த்து, அமிலமிட்டுப் பூச வேண்டும். அது டயல் செய்பவரின் வேலை. துரு நீக்கும் திரவம் எதையும் யாரும் தொட விடாதீர்கள். பலவற்றிலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. துருவோடு கோலமும் கறுத்துப்போகும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறோம். உப்பிட்ட பச்சைத்தோல் கிடங்குக்கும், உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிள் டிரம் பக்கமும் இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே காற்றிலேயே உப்புத் தூசு. வேலைக்கு வேறு வாட்ச் இருக்கட்டும். தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் விண்கல் வாட்சுக்குத் தோல் வாரைவிட ரப்பர் வாரோ ஸ்டீல் செயினோதான் நல்லது. தோல் வார் வியர்வை உப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரவில் ஜிப் கவரில் 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகிவிட்டால் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகும்.

காட்பாடி வாசகி: விண்கல்லில் கதிர்வீச்சு இருக்குமா? நிக்கல் அலர்ஜி உள்ளவர் கட்டலாமா?

கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். விண்வெளியில் உண்டான கதிரியக்கத் தனிமங்களில் இன்று மிஞ்சியிருப்பது உடலுக்கு எதுவும் செய்யாத அளவு. நிக்கல் சுமார் 8 சதவீதம் உண்டு. ஆனால் டயல் கண்ணாடிக்குள் இருப்பதால் தோலில் படாது. அலர்ஜி வந்தால் பக்கிளையும் பின் மூடியையும்தான் சந்தேகிக்க வேண்டும். விண்கல்லில் செய்த மோதிரம் வேறு கதை, அது அவருக்கு வேண்டாம்.

குடியாத்தம் வாசகர்: முப்பது வருடமாக வாட்ச் வேலை. முவோனியோனாலுஸ்தா வில்லை ஒன்று வாங்கி 2824 மூவ்மெண்டுக்கு (வாட்சின் உள் இயந்திரம்) டயல் செய்ய ஆசை. எங்கே தவறும் என்று சொல்லுங்கள்.

நல்ல ஆசை. விவரமாகவே சொல்கிறோம்.

வாங்கிய வில்லையை முதலில் தங்க நகைக்கடையின் காரட் மீட்டரில் காட்டுங்கள். அதே எக்ஸ்ரே கருவி இரும்பு, நிக்கல், குரோமியத்தையும் படிக்கும்படி அமைந்திருந்தால் போதும். நிக்கல் 8 சதவீதம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, நம் வீட்டு 304 ஸ்டெயின்லெஸ் டம்ளரிலும் அதே 8 இருக்கும். பார்க்க வேண்டியது குரோமியம். டம்ளரில் 18 சதவீதம், விண்கல்லில் அநேகமாக ஒன்றுமே இல்லை. கோபால்ட் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிக்குள் பூட்டிய டயலில் இந்தச் சோதனை எடுபடாது.

அறுப்பதற்கு ஒயர் கட் மிஷின் உகந்தது. வில்லையை 0.5 மி.மீ. கனத்துக்கு அறுத்து, வெளி வட்டம், நடு ஓட்டை, தேதிக் கட்டம் மூன்றையும் அங்கேயே வெட்டிக்கொள்ளுங்கள். ஒயர் கட் உலோகத்தைப் பொறியால் உருக்கித்தான் அறுக்கிறது. முகத்தில் உருகி உறைந்த ஒரு தோல் படியும். அதை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் அமிலத்தில் போட்டால் கோலம் திட்டுத்திட்டாக வரும், அல்லது வரவே வராது. "என் கல் போலியோ" என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து 0.35 மி.மீ.க்கு இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் வில்லை வளையும். 400-இல் தொடங்கி 1200 எண் எமரித் தாள் வரை போனால் போதும். விளிம்புகளின் கூர்மையை இலேசாக மழுக்கிவிடுங்கள், லாக்கர் அங்கே நிற்க வேண்டும். வழியில் பொடியும் தன்மையுள்ள ஷ்ரைபெர்சைட் என்ற கனிமத் துணுக்கு ஏதாவது உதிர்ந்து குழி விழுந்தால், அந்த இடத்தை இன்டெக்ஸுக்குக் (ஒட்டும் மணிக் குறி) கீழே மறைக்கும்படி டயலைத் திருப்பிக்கொள்ளலாம். ஆகவே டயலை மூவ்மெண்டில் பொருத்தும் கால்களின் இடத்தைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமிலம்: 95 மி.லி. சுத்தமான எத்தில் ஆல்கஹாலில் 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலத்துக்குள் ஆல்கஹாலை ஊற்றக் கூடாது. ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிஞ்சியதை மூடிய பாட்டிலில் வைக்கக் கூடாது. இந்தக் கலவை அடர்ந்தால் வெடிக்கக் கூடியது. காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி. சர்க்யூட் போர்டுக்குப் போடும் பெரிக் குளோரைடு சுலபமாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதில் போடுகிறார்கள். கோலம் அழகாகத்தான் வரும். ஆனால் எந்தக் குளோரைடு எதிரி என்றோமோ அதையே கையால் ஊட்டுகிறோம்.

ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் காமசைட் கரைந்து இறங்கி, டேனைட் வெள்ளிக் கம்பி போல் மேலே நிற்கும். கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். அதிகமானால் முகம் சொரசொரத்து, இன்டெக்ஸ் ஒட்டாது. எடுத்தவுடன் கால் லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து அதில் முக்கி அமிலத்தை அடக்குங்கள். இங்கே எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். பாலாற்றுப் படுகை போர் தண்ணீரின் உப்பு நமக்குத் தெரியாததில்லை. தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன பகுதி இது. அந்தத் தண்ணீரில் கழுவினால் செய்த வேலை அத்தனையும் ஒரே மாதத்தில் பழுப்பாகும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையே எல்லாக் கழுவலுக்கும் பயன்படுத்துங்கள். அதன்பின் ஆல்கஹாலில் இரண்டு முறை அலசி, ஆல்கஹால் முழுக்கப் பறந்த பிறகே 80 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். சூடு ஆறுவதற்குள் லாக்கர். வெறும் விரல் பட்டால் ரேகையின் உப்பே துருவாக முளைக்கும், கடைசிவரை கையுறையைக் கழற்ற வேண்டாம்.

டயல் கால்களைக் கல்லில் நேராகப் பற்ற வைக்காதீர்கள். ஈயப்பற்றுப் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு இருக்கிறது. 0.25 மி.மீ. பித்தளைத் தகட்டில் கால்களை முதலில் பற்றவைத்து, ஃப்ளக்ஸ் போகக் கழுவி உலர்த்தி, அதன்மேல் கல்லை நிதானமாக இறுகும் எப்பாக்சியால் ஒட்டுங்கள். 24 மணி நேரம் பாரம் வைத்து விடுங்கள். உடனடிப் பசை வேண்டாம், அதன் ஆவி லாக்கர் மேல் வெள்ளையாகப் படியும்.

இப்போது மொத்தக் கனம் 0.6 மி.மீ. சாதாரண பித்தளை டயல் 0.4. இந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தை மறந்தால் மணி முள் டயலில் உரசும், உரசாவிட்டாலும் நிமிட முள் சரியாக உட்காராது. 2824-க்குக் கேனன் பினியன், அதாவது நிமிட முள் உட்காரும் குழாய்ப் பல்சக்கரம், பல உயரங்களில் வருகிறது. ஒரு படி உயரமானதும், அதற்கு இணையான மணிச் சக்கரமும், தேவைப்பட்டால் உயரமான செகண்டு சக்கரமும் சேர்த்து வாங்குங்கள். முள்ளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று கேஸை அளந்துவிட்டே தொடங்குங்கள்.

வேலூர் வாசகர்: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பிரிவில் வேலை. டயலே இரும்பு என்பதால் அது மூவ்மெண்டைக் காந்தத்திலிருந்து காக்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

இல்லை. காந்தத்தைத் தடுக்க மென்இரும்புக் கூடு மூவ்மெண்டை எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்க வேண்டும். மேலே ஒரு மூடி மட்டும் போட்டால் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் புலம் நுழைந்துவிடும். சாதாரணக் காந்தத் தடுப்புத் தரம் சுமார் 60 காஸ் (காந்தப் புலத்தின் அலகு). உங்கள் ஸ்கேனர் 1.5 டெஸ்லா என்றால் 15,000 காஸ். அவ்வளவு காந்தத்தைத் தாங்கும் மூவ்மெண்ட் உள்ள வாட்சும் உண்டு, ஆனால் உங்கள் டயல் அதற்குள்ளும் இரும்புதான். காந்தம் கையோடு சேர்த்து இழுக்கும். அறைக்கு வெளியே கழற்றி வைப்பது தவிர வழியில்லை.

தெரியாமல் காந்தம் ஏறிவிட்டால் ஹேர்ஸ்பிரிங் எனும் நுண்ணிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு நாளுக்குப் பல நிமிடம் முன்னால் ஓடும். காந்தம் நீக்கும் டீமேக்னடைசர் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல ஒரு கை தூரம் தூக்கிய பிறகு பொத்தானை விடுங்கள். பக்கத்தில் வைத்தபடியே விட்டால் இன்னும் அதிகமாக ஏறும். இன்னொன்று, டயல் நிஜமா என்று பார்க்க வலுவான காந்தத்தைக் கண்ணாடி மேல் வைக்காதீர்கள். உள்ளே சுழன்று சாவி ஏற்றும் ஸ்டீல் ரோட்டரும் இழுக்கும், அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. கெடுவது ஹேர்ஸ்பிரிங்தான்.

நாட்றம்பள்ளி வாசகர்: 2016-இல் எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரியில் விண்கல் விழுந்தது என்றார்கள். என் நிலத்தில் காந்தம் ஒட்டும் கனமான கறுப்புக் கல் கிடைத்திருக்கிறது. டயல் செய்யலாமா?

2016 பிப்ரவரி 6-ஆம் தேதி நடந்த அந்த வெடிப்பில் ஓர் உயிர் போனது. விண்கல் என்று அரசு அறிவித்தாலும், படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் அது தரையில் நடந்த வெடிப்புப் போலவே இருக்கிறது என்றார்கள். ஆகவே அதை வைத்து உங்கள் கல்லை முடிவு செய்ய வேண்டாம். விண்கல்லே ஆனாலும், விழுகிறவற்றில் நூற்றுக்கு ஐந்து போலத்தான் இரும்பு, மற்றவை பெரும்பாலும் கல் வகை. அவற்றில் இந்தப் பின்னல் வராது.

காந்தம் ஒட்டுவது போதாது. பழைய வட ஆற்காட்டில் திருவண்ணாமலை கவுத்திமலை, வேடியப்பன் மலைப் பக்கம் மாக்னடைட் தாது ஏராளம், அதுவும் ஒட்டும். குளியலறை டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி இழுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மாக்னடைட், செம்பழுப்பு விழுந்தால் ஹேமடைட். விண்கல் அநேகமாகக் கோடே போடாது. கல்லில் குமிழ் ஓட்டைகள் இருந்தால் அது இரும்புச் சிட்டம். பிறகு ஒரு மூலையை மட்டும் விரல் நகம் அளவு அரத்தால் தேயுங்கள். உள்ளே பளபளவென்று ஸ்டீல் போன்ற உலோகம் தெரிந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதன்பின் அறுக்காதீர்கள், அமிலம் போடாதீர்கள், கழுவக்கூடச் செய்யாதீர்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, தேதி எழுதி, கல்லைக் காய்ந்த துணியில் சுற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நம் நாட்டு விண்கற்களைப் பாதுகாப்பது அந்தத் துறைதான். உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகத்தில்தான் 1988-இல் 4130 ராமானுஜன் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றின் துண்டு உங்கள் நிலத்தில் விழுந்திருந்தால், அதை 0.35 மி.மீ. வில்லைகளாக்குவதற்கு முன்னால் முழுக் கல்லாக அவர்கள் பார்க்க வேண்டும்.